தண்ணீர் கேட்ட தக்காளிச் செடி

எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் தக்காளிச் செடி, கடல் தாண்டி இருக்கும் ஒரு கணினிக்கு மணிக்கொரு கடிதம் எழுதும். நம்ப மாட்டீர்கள். கீழ்வீட்டு டெய்லரும் நம்பவில்லை.

போன விடுமுறைக்கு நாங்கள் வெளியூர் போயிருந்தபோது, அவர்தான் பழைய செடியைப் பார்த்துக்கொண்டார். தினமும் ஒரு வாளி ஊற்றி அதற்கு நீச்சல் பழக்கினார். பாவம், செடி மூழ்கிவிட்டது.

இந்த முறை என் பேத்தி வாண்டு உஷாராகிவிட்டாள். புதுச் செடியின் மண்ணில் ஈரம் அளக்கும் கருவியைக் குத்தினாள். அதை ஒரு குட்டிக் கணினியோடு இணைத்து, ஸ்கிரிப்ட் எழுதினாள். ஸ்கிரிப்ட் என்றால், கணினி வரிவரியாகச் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல். ஈரத்தின் அளவு இணையம் வழியே சர்வர் என்னும் தொலைதூரக் கணினிக்குப் போகும். மண் காய்ந்தால், சர்வர் டெய்லரின் போனுக்குச் செய்தி அனுப்பும்.

"செடி கேட்டா ஊத்தறேன். ஆனா கேட்காது, எழுதி வெச்சுக்கோங்க" என்றார் டெய்லர்.

ஐந்து மணிக்கு எங்களுக்கு ரயில். மூன்று மணி ஆகியும் சர்வர் ஒரே பதிலைத்தான் சொன்னது: 'தகவல் காலி.'

வாண்டு வயரை மாற்றினாள். சர்வரின் முகவரியைச் சரிபார்த்தாள். லட்சம் முறையாவது அனுப்பிப் பார்த்திருப்பாள். சரி, பதினொரு முறை.

"இந்தச் செடியும் போயிடும் தாத்தா" என்றாள். சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கதான் இப்ப ஸ்கிரிப்ட். டெய்லர் மாமா சர்வர். நான் ஒவ்வொரு வரியா படிப்பேன். அதை மட்டும் செய்யணும். சொந்த மூளையை உபயோகிக்கக் கூடாது."

"அது எனக்குக் கைவந்த கலை" என்றேன்.

"முதல் வரி. ஒரு சீட்டு எடுங்க."

எடுத்தேன்.

"ரெண்டாவது வரி. சர்வர்கிட்ட குடுங்க."

முந்நூறு படி இறங்கினேன். வாண்டு எண்ணினால் முப்பதுதான் வரும். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, டெய்லர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன பெரியவரே, நாற்பது வருஷம் தபால் குடுத்தவரு, வெத்துச் சீட்டை நீட்டறீங்க?"

மேலிருந்து வாண்டு படித்தாள். "மூணாவது வரி. ஈரத்தை அளந்து சீட்டுல எழு..."

பாதியில் நிறுத்தினாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் கட்டடமே ஆடியது.

"தாத்தா, எழுதறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டேன்."

மூன்றாவது வரியைத் தூக்கி இரண்டாவதுக்கு மேலே வைத்தாள். அவ்வளவுதான். 'வந்து சேர்ந்தது' என்றது சர்வர். நாங்கள் ரயிலைப் பிடித்தோம்.

நான்காம் நாள் டெய்லரிடமிருந்து போன் வந்தது.

"பெரியவரே, செய்தி வந்துச்சு. ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன், மண்ணு காஞ்சு கிடந்துச்சு. ஒரே ஒரு டம்ளர்தான் ஊத்தினேன், வாண்டுகிட்ட சொல்லிடுங்க."

"அப்போ செடி கேட்டுச்சுன்னு ஒத்துக்கறீங்களா?"

"கேட்டுச்சு, சத்தியமா கேட்டுச்சு. கடைக்கு வர்றவங்கதான் ஒருத்தரும் நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."