தகட்டில் சுரண்டிய இடம்

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன மறு வருடம். மார்கழி மழையில் ஒரு பின்னேரம், சல்லிக் கிராமத்து யோகலிங்கம் ஸெய்னுதீனின் வீட்டோடு சேர்ந்த அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தான். சாக்கில் சுற்றிய செப்புத் தகடு ஒன்று கையில். பழஞ்சாமான் ஏலத்தில் எடுத்தது. துறைமுகமும் கரையோரத் தெருக்களும் கொண்ட வரைபடம் அதில் வெட்டியிருந்தது.

“நானா, என்ர புது வள்ளத்துக்கு இதில ஒரு படம் அடிச்சுத் தாங்க.”

“சல்லியில பிறந்தவனுக்குக் கடலுக்குப் படமோ?” ஸெய்னுதீன் சிரித்தார். “இரு. வீட்டுக்காரி றுக்கியா மூதூரில இருந்து லோஞ்ச் படகில வாறா. அவ வர முதல் முடிச்சிரலாம்.”

மை இளகுவதற்காகத் தகட்டைத் தணலில் வைத்தார். சூடேறவில்லை. கிணற்றடியில் கிடந்தது போல் குளிர்ந்தே இருந்தது. அறை முழுக்கப் பாசி நாற்றம்.

மை பூசி, துடைத்து, நனைத்த தாளை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார்.

முதல் தாளில் மூதூர்க் கரையோரம் சின்னதாக ஒரு சிலுவைக் குறி. கப்பல் மூழ்கிய இடத்துக்குப் போடுவது.

இரண்டாம் தாளில் அது நடுக் குடாவில்.

மூன்றாம் தாளில் உள்துறைமுகத்தில், இறங்குதுறைக்குக் கிட்ட.

“நானா... இது லோஞ்ச் வாற பாதை.”

ஸெய்னுதீன் தாளைத் தூக்கிப் பிடித்தார். தாளின் இடப்பக்கம் குறி. சுரண்டியை எடுத்துத் தகட்டின் இடப்பக்கத்தைச் சுரண்டித் தள்ளினார்.

நாலாம் தாளில் குறி இல்லை.

“இறங்குதுறைக்கு ஓடிப்போய்ப் பார், தம்பி!”

கொஞ்ச நேரத்தில் லோஞ்சின் ஊதல் கேட்டது. தெரு முனையில் யோகலிங்கமும், பக்கத்தில் நனைந்த முக்காட்டோடு றுக்கியாவும். ஸெய்னுதீனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

இருவரும் வாசலுக்கு நேரே வந்து நின்றார்கள்.

“அண்ணன், எங்கட வீடு எங்க?”

“இதிலதான் தங்கச்சி... இப்பதானே இதுக்குள்ள இருந்து ஓடி வந்தனான்...” யோகலிங்கம் கையை நீட்டி வெறுங்காற்றைத் துழாவினான்.

“றுக்கியா! இஞ்ச நிக்கிறன்!”

அவள் அவர் முகத்துக்கு நேரே பார்த்தாள். கண் அவரைத் தாண்டிப் போனது.

நாலாம் தாளைத் தூக்கிப் பார்த்தார். வலப்பக்கத்தில், தன் வீடு இருந்த இடம் வெள்ளையாக இருந்தது.

தகட்டில் எல்லாம் இடம் வலம் மாறித்தான் இருக்கும். இருபது வருடத் தொழில். பயத்தில் மறந்துவிட்டார்.

வெளியே றுக்கியா அழத் தொடங்கினாள்.

அவருக்குப் பின்னால், அச்சு மெசினின் சக்கரம் தானாகச் சுற்றியது. ஐந்தாம் தாள் மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளை இடத்தின் நடுவில் அதே சிலுவைக் குறி.