புளித்த மூளை

பிணம் ஒரு கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது.

உறைந்து, வெளிறி, ஒரு பிளாஸ்டிக் குழாயின் அடியில் கிடந்தது. குழாயின் மேல் ஓர் எண். பெயர் கிடையாது. அழ ஆள் கிடையாது.

மனித மூளையின் ஒரு துணுக்கு.

அவள் அதை இடுக்கியால் எடுத்து, கண்ணாடி உரலில் இட்டு அரைத்தாள். மூளையின் மூலக்கூறுகளை ஆராயும் அந்த லேபில் அவள் ரிசர்ச் அசோசியேட். பதவியின் பெயர்தான் பெரியது. வேலை என்னவோ அரைப்பது, வடிப்பது, அளப்பது, நம்பாமல் மறுபடி அளப்பது. வீட்டில் அவளுக்கு 'மூளைக்காரி' என்று பெயர். வைத்தவர் சித்தப்பா.

அமிலமானியின் முனையைக் கரைசலுக்குள் இறக்கினாள்.

ஏழுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய பி.எச். எண், ஆறுக்கு இறங்கியிருந்தது.

மூளை புளித்திருந்தது!

உயிர் பட்டென்று போனால் மூளை புளிக்காது. மூச்சுக்குத் தவித்து, மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு கிடந்து செத்தால்தான் அமிலம் ஊறும். அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம்.

பேராசிரியை எட்டிப் பார்த்தார். முப்பது வருடங்களாக மூளைகளோடு குடித்தனம் நடத்துகிறவர்.

"கெட்ட சாம்பிள். ரொம்ப நேரம் இழுத்துக்கிட்டுக் கிடந்த கேஸ். கணக்குல சேர்க்காத. நாளைக்குக் கழிவு வண்டி வரும், போட்டுடு."

"ஆனா மேடம், மூளை வங்கி அனுப்பின குறிப்புல 'திடீர் மாரடைப்பு, உடனடி மரணம்'னு இருக்கே?"

"வீட்டுக்காரங்க சொன்னதை எழுதியிருப்பாங்க. செத்தவன் வந்து திருத்தவா போறான்?"

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

குழாய்கள் மாறிவிடக் கூடாது என்று, வந்த துணுக்குகளின் டி.என்.ஏ.வைச் சரிபார்ப்பது அங்கே வழக்கம். இயந்திரம் ஒழுங்காக ஓடுகிறதா என்று அறிய, தெரிந்த ஆள் ஒருவரின் டி.என்.ஏ.வும் கூடவே ஓடவேண்டும். அதற்கு லேப்காரர்கள் வெளியே அலைவதில்லை. பஞ்சு சுற்றிய குச்சியால் தன் கன்னத்தின் உட்புறத்தை ஒரு சுழற்று சுழற்றினால் தீர்ந்தது.

அவளும் அதைத்தான் செய்தாள்.

மாலையில் திரையில் சிவப்பு எழுத்துகள் வரிசை கட்டின. புளித்த மூளையும் அவளுடைய கன்னமும் கால்வாசி ஒத்துப்போகின்றனவாம்.

பேராசிரியை கடிந்துகொண்டார். கையுறையை ஒழுங்காகப் போடாமல் எச்சிலைக் கலந்துவிட்டிருப்பாள் என்றார். அவளும் அப்படித்தான் நம்பினாள். புதுக் கையுறை, புதுக் குழாய், முகமூடி. மறுநாள் காலை மறுபடியும் ஓட்டினாள்.

அதே விடை.

ஒட்டியது எச்சில் அல்ல... ரத்தம்!

எண் போட்ட அந்தப் பிணம் அவளுக்கு உறவு. அவள் குடும்பத்தில் மூளையைத் தானம் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான்.

சித்தப்பா.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவளைப் படிக்க வைத்தவர். 'உயிரோட இருக்கறப்ப இந்த வீட்ல யாரும் என் மூளையை மதிக்கல, செத்தப்புறமாவது உன் லேப்ல ஓர் இடம் போட்டு வை' என்று சொல்லித் தானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர். அவள் கையாலேயே அவரை அரைத்திருக்கிறாள்.

உரலைப் பார்த்தாள்.

அழுது முடித்தபின்தான் அடுத்த கேள்வி வந்தது. சித்தப்பா செத்த அன்று அவளும் அப்பாவும் அம்மாவும் வெளியூரில் இருந்தார்கள். வீட்டில் அவருடன் இருந்தவர் பெரியப்பா மட்டும்தான். ஓய்வுபெற்ற நீதிபதி. குடும்பத்தின் தலை. வந்தவர்கள் எல்லோரிடமும் அவர் ஒரே வாசகத்தைத்தான் சொன்னார். 'பேசிட்டே இருந்தான், தலை சாய்ஞ்சுடுச்சு. ஒரு நிமிஷம்கூடக் கஷ்டப்படல.'

மூளை வேறு கதை சொல்கிறதே?

கழிவுப் பெட்டிக்குப் போகவேண்டிய குழாயை உறைபெட்டியின் அடித்தட்டில் வைத்துப் பூட்டிவிட்டு, நேராகக் காவல் நிலையம் போனாள்.

பெண் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். அமிலம், டி.என்.ஏ., எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார்.

"மூளை பேசறது உங்களுக்குப் புரியும்மா. கோர்ட்டுக்கு மனுஷன் பேசணும். உங்க பெரியப்பா பேசுவாரா?"

பேசவைக்கவேண்டும். இல்லாவிட்டால் சித்தப்பாவின் சாவு, கெட்டுப்போன ஒரு சாம்பிளாகக் குப்பைக்குப் போய்விடும். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒரே ஒரு போன் செய்தாள்.

பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்திருந்தது. கோர்ட்டில் நீதிபதியாக உட்கார்ந்த பழக்கம், வீட்டிலும் விடவில்லை.

"என்னம்மா, இந்த நேரத்துக்கே வந்துட்ட? மூளை எல்லாம் தீர்ந்துபோச்சா?"

"சித்தப்பாவோட மூளை வந்திருக்கு பெரியப்பா."

அவர் செய்தித்தாளை மடித்தார். மெதுவாக, ஓரம் பிசகாமல்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. அமிலத்தின் எண்ணைச் சொன்னாள். அது எப்படி வரும் என்பதைச் சொன்னாள். மணிக்கணக்கில் ஒரு மனிதர் மூச்சுக்குத் தவித்திருக்கிறார் என்றாள். தெருமுனையில் ஆஸ்பத்திரி இருந்தும் ஆம்புலன்ஸ் ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"எனக்குப் பொய் சொல்ற பழக்கம் இல்ல," என்றார் அவர்.

"ஊருக்கே சொன்னீங்களே."

"அது பொய் இல்ல. மரியாதை." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நெஞ்சைப் பிடிச்சான். போனை எடுன்னான். எடுத்தேன். எடுத்து அந்த அலமாரி மேல வெச்சேன். எதிர்ல உக்காந்துக்கிட்டேன். தண்ணி கேட்டான், குடுத்தேன். நான் ஒண்ணும் மிருகம் இல்ல."

"ஏன்?"

"உன்னால."

"என்னாலயா?"

"இந்த வீட்ல தன் பங்கை உன் பேருக்கு எழுதப் போறேன்னு அந்த வாரம் வந்து நிக்கறான். ஊரைக் கூட்டிச் சொல்லப் போறானாம். கல்யாணம் ஆகாதவனுக்கு அண்ணன் பொண்ணு மேல அப்படி என்ன உருக்கம்? நெத்தி அவனுது. காது அவனுது. நீ பொறந்தப்பவே எனக்குச் சந்தேகம். அவன் எழுதிட்டா, ஊர்ல நாக்கு இருக்கறவன் எல்லாம் உங்கம்மாவைப் பத்திப் பேசுவான். உங்கப்பன் வெளியில தலைகாட்ட முடியுமா? அவன் கண்ணை மூடினா அந்த அசிங்கமும் அவனோட போயிடும். நம்ம குடும்ப மானம் நிக்கும்."

"அப்புறம் எதுக்கு மூளையைக் குடுத்தீங்க? எரிச்சிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"கையெழுத்துப் போட்டிருந்தானே. இந்தக் குடும்பத்துல எழுதிக் குடுத்ததை மீறின ஆள் கிடையாது."

அவள் பையிலிருந்து டி.என்.ஏ. முடிவுத் தாளை எடுக்கவில்லை. தேவைப்படவில்லை. அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

"நான் சித்தப்பாவோட பொண்ணா இருந்தா, அவர் டி.என்.ஏ.ல பாதி என்கிட்ட இருக்கணும் பெரியப்பா. சரியாப் பாதி. கால்வாசிதான் இருக்கு. அண்ணன் பொண்ணுக்கு எவ்வளவு இருக்கணுமோ அவ்வளவு."

"மிஷின் தப்பா இருக்கலாம்."

"மறுபடியும் ஓட்டிப் பார்த்துட்டேன்."

வாழ்நாள் முழுக்க இரண்டு தரப்பையும் கேட்காமல் பேனாவைத் தொடாதவர் அவர். தம்பி வழக்கில் மட்டும் ஒரு தரப்பையும் கேட்கவில்லை. ஒரு நெற்றியையும் இரண்டு காதுகளையும் பார்த்தே தூக்குத் தண்டனை கொடுத்து, நிறைவேற்றியும் விட்டார்.

பெரியப்பாவின் முதுகு முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தது.

ஆனால் பழைய நீதிபதி அவ்வளவு சுலபத்தில் சாவாரா? சில நொடிகள்... மறுபடி நிமிர்ந்தார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சரி. தப்பு நடந்துடுச்சு. அதை என் மனசாட்சி பார்த்துக்கும். நீ வெளியில சொன்னா எவனும் நம்ப மாட்டான். ஓய்வுபெற்ற நீதிபதிக்கு எதிரா நேத்து வேலைக்குச் சேர்ந்த ஒரு பொண்ணு, கையில ஒரு துண்டு புளிச்ச மூளை. இதை வெச்சுக்கிட்டு எந்தக் கோர்ட்டும் என்னைத் தொடாது. போய் முகம் கழுவிட்டுச் சாப்பிடு."

அவள் நகரவில்லை. உள்ளறைத் திரைச்சீலையைப் பார்த்தாள்.

திரைச்சீலை விலகியது.

அப்பா!

கொல்லைப்புறமாக வந்து உள்ளறையில் இருங்கள், சித்தப்பா எப்படிச் செத்தார் என்று காதால் கேளுங்கள், இன்ஸ்பெக்டரிடமும் சொல்லியிருக்கிறேன், வாசலில் வந்து நிற்பார் என்றுதான் போனில் சொல்லியிருந்தாள். தன் மனைவியைப் பற்றியும் அங்கே அவர் கேட்கநேரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

பெரியப்பாவின் உதடுகள் அசைந்தன.

"நீ... எப்ப வந்த?"

அப்பா அலமாரியைப் பார்த்தார். அதன் உச்சியைப் பார்த்தார். தம்பி கடைசியாக எந்தத் திசையில் பார்த்துக்கொண்டு செத்திருப்பான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அண்ணன் எதிரில் இன்றுவரை உட்கார்ந்தே அறியாதவர், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"வாசல்ல இன்ஸ்பெக்டர் அம்மா நிக்கறாங்க பாப்பா, உள்ள வரச் சொல்லு," என்றார் மகளிடம்.

அண்ணன் பக்கம் திரும்பினார்.

"சின்ன வயசுலேர்ந்து எனக்கு மூளையே கிடையாதுன்னு சொல்லுவீங்க. பரவாயில்லண்ணே... சாட்சிக்குக் காது போதும்."