மூன்றாவது வாசல்

ஆண்டுதோறும் நடக்கும் மண்டை அளவையில், கோமுவின் தலைக்குள் இன்னும் ஒரே ஒரு படிப்புக்குத்தான் இடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"பதினாலு வகைக் கோலம், கேக் செய்யுறதுன்னு கண்டதையும் ஏத்தாதட்டின்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியா?" என்று கத்தினார் அவளுடைய அப்பா முப்பிடாதி.

செவ்வாயில் யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. அறிவேற்றி என்ற தொப்பியை ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டால் போதும். ஏறிய படிப்பு, சொந்தக் கண்ணால் கண்டதுபோல மண்டையில் உட்கார்ந்துவிடும். பிறகு இறக்க வழியில்லை. பக்கத்து வீட்டுச் சங்கிலியின் மூத்த மகனுக்குப் பூமிக்காரன் எவனோ விற்ற விமானப் படிப்பை ஏற்றிவிட்டார்கள். அவன் தினமும் ஓடுதளத்தில் விமானத்தை நிறுத்திவிட்டு, பறவைக் கூட்டம் கடந்து போகட்டும் என்று காத்திருந்தான். செவ்வாயில் ஏது பறவை? வேலை போய்விட்டது.

கோமுவுக்கு வணிக விமானி ஆக வேண்டும். குமிழி நகரம் விட்டுக் குமிழி நகரம் ஆள் ஏற்றிப் பறக்க வேண்டும். அதற்கு முதலில் வானிலை, வழியறிதல், வான்சட்டம் எல்லாவற்றையும் தரைப்பள்ளியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சேர்க்கைக்கு இன்றே கடைசி நாள்.

"பறக்குறதுக்குத் தரையில என்னட்டி பள்ளிக்கூடம்? எல்லாம் ஏமாத்து" என்று சொல்லிக்கொண்டே முப்பிடாதி சட்டையை மாட்டினார். நாற்பது வருஷம் கிழக்கு மேட்டில் பனிப்பாளம் வெட்டியவர். ஒரு படிப்பும் ஏற்றிக்கொள்ளாத மண்டை. அளவை நிலையத்தில் அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். பள்ளியைச் சோதிக்கக் கையில் ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார்.

பள்ளித் தெருவில் முதல் வாசல் முழுக்க முதலிடம் பிடித்தவர்களின் முகங்கள். அத்தனை பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள். வரவேற்பு எந்திரம் கும்பிட்டது.

"கும்பிடு கிடக்கட்டும். கிழக்கு மேட்டுல தூசிப்புயல் எப்பம்வே கிளம்பும்?"

"மாலை நான்கு பதினேழு, ஐயா. எங்கள் மாணவர்கள் நொடிகூடச் சொல்வார்கள்."

"நாப்பது வருஷமா அதுக்குள்ள கெடந்து சாவுறேன், எனக்கே தெரியாது. வாட்டி, போவோம்."

இரண்டாவது வாசலில் கேள்வியைக் கேட்கவே விடவில்லை. கோமுவுக்கு ஒரு சீருடை, அவருக்கு ஒரு சால்வை, வீட்டுக்கு ஒரு குக்கர் என்று எந்திரம் அடுக்கியது. அது போர்த்திய சால்வையைக் கழற்றி அதன் தலையிலேயே போட்டுவிட்டு நடந்தார்.

மூன்றாவது வாசல் சந்துக் கோடியில் இருந்தது. போர்டு இல்லை. சுவரில் காரை உதிர்ந்திருந்தது. ஒரு கையைக் கம்பியால் கட்டியிருந்த கிழட்டு எந்திரம் தலைகூடத் தூக்கவில்லை.

"என்ன வேணும்?"

கேள்வியைக் கேட்டார்.

"தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியும்னு சொல்லுதவன் இந்தத் தெருவுல நிறைய இருக்கான், அங்க போங்க."

முப்பிடாதிக்கு உடம்பு சிலிர்த்தது. "இதுவல்லவா பேச்சு! உக்காருட்டி" என்றார்.

ஒரு மணி நேரம் கழித்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கோமு வந்தாள். தெருவுக்கு வந்ததும் அவர் ஆவலாகக் கேட்டார்.

"என்னட்டி ஏறியிருக்கு? மொதல்லேருந்து சொல்லு."

"மொதப் பக்கம் முகவுரைப்பா. 'முவ்வாசல் தரைப்பள்ளி. மூன்று வாசலுக்கும் பாடம் ஒன்றே. முதல் வாசல், புகழை நம்புவோருக்கு. இரண்டாம் வாசல், இலவசத்தை நம்புவோருக்கு. மூன்றாம் வாசல், யாரையும் நம்பாதோருக்கு.'"

முப்பிடாதி திரும்பிப் பார்த்தார். சந்துக் கோடியில் அந்த எந்திரம் கம்பியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் சுவரைச் சுரண்டிக் காரையை உதிர்த்துக்கொண்டிருந்தது.

"ஏட்டி," குரல் இறங்கியது. "கிழக்கு மேட்டுல தூசி..."

"நாலு பதினேழுப்பா" என்றாள் கோமு, கேள்வி முடிவதற்குள்.

அப்போதுதான் சங்கிலி வந்தான், இளைய மகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

"அண்ணாச்சி! இவளயாவது நல்ல எடத்துல சேக்கணும். நீரு எவனையும் நம்பாத ஆளு. நீரு சேத்த எடம்னா நான் கண்ணை மூடிக்கிட்டுச் சேப்பேன். எப்படி, புள்ளைக்கு நல்லா ஏறியிருக்கா?"

முப்பிடாதி வாயைத் திறந்தார். ஊரில் அத்தனை பேரையும் ஏமாளி என்று ஏசிய வாய். அதற்குள் கோமு குமிழியின் கண்ணாடிச் சுவரைக் காட்டினாள். மணி நாலு பதினேழு.

"தூசி கிளம்பிட்டு, பாருங்க மாமா."

சங்கிலி எட்டிப் பார்த்தான். வெளியே கிழக்கு மேடு கழுவி வைத்ததுபோல் கிடந்தது.

"எங்கேம்மா? ஒண்ணும் காணுமே?"

கோமு அசையாமல் கையை நீட்டியபடியே நின்றாள். முப்பிடாதி மகளைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார்.

"உமக்குக் கண்ணு மங்கிப்போச்சுவே. நல்லாப் பாரும், லேசா வருது. சந்துக் கோடியில மூணாவது வாசல். போர்டெல்லாம் இருக்காது. சீக்கிரம் போவும்."