நான்காவது இருக்கையின் சம்மதம்

கூட்டுமன அறையிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் சுக்குக் காப்பி கொடுப்பார்கள். அதைக் குடித்து முடிப்பதற்குள், உள்ளே தெரிந்துகொண்டதெல்லாம் மறந்துபோகும். எடுத்த முடிவு மட்டும் சுவரில் எழுத்தாக நிற்கும். கோயம்புத்தூரில் இது வாராவாரம் நடக்கிற காரியம். யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை.

அன்றைக்குச் சுவரில் 'ஆராய்ச்சி தொடரும். நால்வரும் சம்மதம்' என்றிருந்தது. அதைப் படித்தபோதுதான் துளசிமணிக்குத் தன் கன்னம் ஈரமாக இருப்பது தெரிந்தது.

ஒரு காலத்தில் மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் மருந்துக் கம்பெனியும் சேர்ந்து ஆராய்ச்சி நடத்துவதாகச் சொல்லிக்கொண்டு, ஒரே தேரை ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கம்பெனி மறைத்தது மருத்துவமனைக்குத் தெரியாது; மருத்துவமனை பார்த்ததைப் பல்கலைக்கழகம் நம்பாது. நோயாளியைக் கவனித்துக்கொள்கிற வீட்டாரை எவரும் கூப்பிடவே இல்லை. அப்புறம் வந்ததுதான் மனஇணைப்பி. மைண்ட் லிங்க் என்பார்கள் கம்பெனிக்காரர்கள். நான்கு இருக்கை, நான்கு தலை, ஒரு மணி நேரத்துக்கு ஒரே மனம். ஒருவர் அறிந்ததை நால்வரும் அறிவார்கள்; பொய்க்கு அங்கே இடமில்லை. ரகசியம் கசியக் கூடாதென்று வெளியே வந்ததும் நினைவைத் துடைத்துவிடுவார்கள். நான்காவது இருக்கை பராமரிப்போருக்கு. அதில் உட்காருகிறவரின் வீட்டில் அந்த ஆராய்ச்சி மாத்திரையைச் சாப்பிடும் ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பது சட்டம்.

இப்போது அதில் உட்காருகிற துளசிமணியின் கணவர் நாச்சிமுத்துவுக்கு நடுக்குவாதம். ஆராய்ச்சியில் பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது உள்ளே மட்டும் தெரியும். நால்வரில் ஒருவர் 'போதும், எல்லோருக்கும் மருந்தைக் கொடுத்துவிடலாம்' என்று சொன்னாலே ஆராய்ச்சி அத்தோடு நின்றுவிடும். ஆனால் பாதியில் நின்ற ஆராய்ச்சியை நம்பி மற்ற ஊர் நோயாளிகளுக்கு அந்த மருந்தைக் கொடுக்க மாட்டார்கள். துளசிமணி போதும் என்று சொல்லவில்லை.

கம்பெனி இருக்கையில் இருந்த அன்வர் டம்ளரை வைத்துவிட்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, ஏன்னு தெரியலைங்க. உங்களைப் பார்த்தா கையெடுத்துக் கும்பிடணும்போல இருக்கு."

"எதுக்குத் தம்பி?"

"அதுதான் தெரியலைங்க்கா. தெரிஞ்சதெல்லாம் போயிருது, மனசுல பட்டது மட்டும் கொஞ்சம் ஒட்டிக்குது."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். கணவருக்கு நல்ல மருந்து கிடைத்துக்கொண்டிருந்தால் இவன் ஏன் கும்பிட வேண்டும்?

வீட்டில் நாச்சிமுத்து வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன அம்மிணி, என்ன முடிவு?"

"தொடருதுங்க."

"அப்ப மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். எனக்கே நேத்துக்கு இன்னைக்குத் தேவலை." சொல்லும்போதே கை ஆடியது, பிடித்திருந்த டம்ளர் மேசையில் கடகடத்தது.

"ஏனுங்க, நீங்க சாப்பிடறது வெறும் மாத்திரையா இருந்தா?"

அவர் சிரித்தார். "இருந்தா நீ சம்மதிச்சிருப்பியாக்கும். கொசுறு கறிவேப்பிலைக்கே கடைக்காரன்கிட்டச் சண்டைக்கு நிக்கிறவ, புருசனை விட்டுக் குடுத்துட்டு வருவியா?"

தன் மனைவியை அவர் நன்றாகவே அறிந்திருந்தார். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்தவள் அவர் மனைவி மட்டுமில்லை. அவளுக்குள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகள் அத்தனை பேரின் வலியும் இருந்தது. அவள் என்ன செய்திருப்பாள்? நோயை நினைத்து இத்தனை வருடம் வராத பயம், தன்னை நினைத்து இப்போது வந்தது. அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரம் எல்லாம் தெரிந்துவிடும். பிறகு வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவளாக மறுபடியும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

மாத்திரைக்கு நேரமாகிவிட்டது. கையில் கொடுத்தால் தவறவிடுவார் என்று அவளே வாயில் போட்டுத் தண்ணீரும் கொடுத்தாள்.

"நீ அங்க உட்கார்ந்திருக்கிற வரைக்கும் எனக்கென்ன கவலை" என்று சொல்லிவிட்டு அவர் விழுங்கினார்.