யானை மார்க் பிணம்

கோழிக் குடலுக்கும் கிழிந்த டயபருக்கும் நடுவே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

செருப்பு கழன்ற கால்!

இன்ஸ்பெக்டர் சுகிர்தா கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டாள். பிரயோஜனமில்லை. நாற்றம் கண் வழியாகவே உள்ளே போனது. காலையில் தின்ற இட்லி தொண்டை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

சே... இதுவும் ஒரு பிழைப்பா!

திருத்தங்கல் அச்சகங்கள் காலங்காலமாகக் கழிவு கொட்டிய மேடு அது. மேலே ஊர்க் குப்பை. அடியில் அழுகிய பசை, காகிதம், துருப்பிடித்த மை டப்பாக்கள். மூடி இறுகிய டப்பாவுக்குள் எப்போதாவது சுதந்திர காலத்துத் தீப்பெட்டி லேபிள் நனையாமல் கிடக்கும். அதற்கு லட்சம் கூடக் கொடுக்கப் பைத்தியங்கள் உண்டு.

செத்துக் கிடந்தவர் அப்படி ஒரு பைத்தியம். விருதுநகர் கொத்தமல்லி வியாபாரி உபைதுல்லா. லேபிள் சேர்ப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ரத்தக்கறையோடு ஒரு மண்வெட்டி.

மண்வெட்டிக்குச் சொந்தக்காரன் சங்கிலிமுத்து, கூலிக்குக் குப்பை கிளறுகிறவன். டீ குடிக்கப் போயிருந்தேன், திரும்பி வந்தால் பிணம் என்று ஜீப் ஓரத்தில் குத்தவைத்துப் புலம்பிக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரருக்கு எதுவும் ஞாபகம் இல்லையாம்.

அவன் மனைவி பேச்சியம்மாள் சுகிர்தாவின் காலில் விழுந்தாள்.

"கோளி அறுக்கவே கண்ணை மூடிக்கிடுவாரும்மா இவரு. இவரை உள்ள போட்டுட்டீகன்னா எம் பொண்ணுகளோட நான் நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"எந்திரிங்க. மொதல்ல அந்தக் குப்பையில இருந்து எந்திரிங்க."

அப்போது வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. சென்ட் வாசனை முதலில் இறங்கியது. அதன் பின்னால் அச்சக முதலாளி ஸ்ரீராம்குமார் இறங்கினார். தாத்தா காலத்து அச்சகம்; பழைய லேபிள் வாங்கி விற்பது பக்கத் தொழில்.

"மன்னிக்கணும் மேடம், கிட்ட வர முடியல. இந்த நாத்தம் எனக்கு ஆகாது. இந்த மேட்டுல நான் கால் வச்சதே இல்ல."

காலையில் உபைதுல்லா போன் செய்தாராம். தாத்தா அச்சடித்த யானை மார்க் லேபிள் கிடைத்துவிட்டது, அசல்தான் என்று குதித்தாராம். சங்கிலிமுத்து அதைக் கேட்டிருப்பான், அடித்துப்போட்டு லேபிளை ஒளித்திருப்பான் என்றார் ஸ்ரீராம்குமார்.

"நல்லா விசாரிங்க மேடம். கக்கிடுவான்."

சொல்லிவிட்டுக் கிளம்பினார். மேட்டு ஈக்களில் பாதி அவர் கார் டிக்கியில் மொய்த்தபடி கூடவே போயின.

ஈக்களுக்கு முதலாளி, கூலியாள் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது.

சுகிர்தா கையுறை மாட்டிக்கொண்டு பிணத்தின் அருகே குனிந்தாள். ஒரு கன்னம் மட்டும் உப்பலாக இருந்தது. தாடையைப் பிரித்து விரலை விட்டாள். எச்சிலும் ரத்தமும் கோழையுமாக ஒரு காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தது.

லேபிள்!

யானை படம். கீழே 'யானை மார்க்' என்ற எழுத்து. சாகும் நேரத்தில் மனுஷன் அதை வாய்க்குள் திணித்துக் காப்பாற்றியிருக்கிறார்.

ஏட்டு ஜெயபாண்டி ஓரமாக ஓடிப் போய் வாந்தி எடுத்தார்.

"முடிஞ்சதா ஏட்டையா? சங்கிலிமுத்துவை ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டு வண்டிய எடுங்க. முதலாளியைப் பாத்துட்டு வருவோம்."

அச்சக ஆபீசில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் தாத்தா அச்சடித்த லேபிள் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. பூனை மார்க்.

பிளாஸ்டிக் உறையிலிருந்த யானையை சுகிர்தா மேஜைமேல் வைத்தாள். ஸ்ரீராம்குமாரின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு சிரித்தார்.

"கிடைச்சிருச்சா! இதேதான் மேடம். சுதந்திரம் வந்த வருஷம் எங்க தாத்தா அடிச்சது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எங்க தாத்தா சரக்கு எனக்குத் தெரியாதா?"

சுகிர்தா எழுந்து போய்ச் சுவரிலிருந்த பூனையைக் கழற்றி வந்தாள். இரண்டையும் அருகருகே வைத்தாள்.

பூனையின் 'னை' பழைய எழுத்து. னகரத்தோடு தும்பிக்கை போல ஒரு வளைவு ஒட்டியிருந்தது. யானையின் 'னை' இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதும் னை.

"இந்த னை எழுபத்தெட்டுல எழுத்தை மாத்துன பெறகு வந்தது. உங்க கம்ப்யூட்டர்ல தட்டுனா வருது. சுதந்திரம் வந்த வருஷம் எப்படி வந்துச்சு?"

ஏ.சி. அறையில் ஸ்ரீராம்குமாருக்கு வேர்த்தது.

"உபைதுல்லா இதை ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருப்பாரு. அசல்னு குதிச்சிருக்க மாட்டாரு. போலின்னு காறித் துப்பத்தான் உங்களைக் கூப்பிட்டிருப்பாரு."

"போலி அடிச்சா... கொலைகாரனா மேடம்?"

"மேட்டு ஈ இங்கன வரைக்கும் உங்க டிக்கியை விடல. ஏட்டையா, சாவியை வாங்கித் திறங்க."

டிக்கி திறந்தது. உள்ளிருந்து அதே நாற்றம் புரண்டு வந்தது. பையில் ரத்தம் தெறித்த சட்டை ஒன்று, கோழிக் குடல் ஒட்டிய ஷூ ஒரு ஜோடி. ஆனைக்குட்டம் அணையில் எறிய நேரம் கிடைக்கவில்லை போலும். ஜெயபாண்டி மறுபடியும் ஓரத்துக்கு ஓடினார்.

ஸ்ரீராம்குமார் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். லேபிளைப் புதிதாக அச்சடித்து டீத்தண்ணீரில் முக்கிப் பழசாக்குவது... பழைய மை டப்பாவில் அடைத்து மேட்டில் புதைப்பது... விஷயம் தெரியாத சங்கிலிமுத்துவை விட்டு வாடிக்கையாளர் கண் முன்னாலேயே தோண்ட வைப்பது! ஊர் முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று உபைதுல்லா மேட்டில் நின்று கத்தியிருக்கிறார். மண்வெட்டி கைக்கெட்டும் தூரத்தில் கிடந்திருக்கிறது. பிறகு எவ்வளவு தேடியும் லேபிள்தான் கிடைக்கவில்லை.

அத்தனை சென்ட்டுக்கு அடியில் அழுகியது குப்பைமேட்டை விட மோசமாக நாறியது. சுகிர்தா ஸ்டேஷனுக்குப் போன் செய்து சங்கிலிமுத்துவை விடச் சொன்னாள். மறுமுனையில் பேச்சியம்மாள் அழுவது கேட்டது.

விலங்கு மாட்டும்போது ஸ்ரீராம்குமார் முனகினார்.

"தாள், கலர், மை... எல்லாம் அச்சு அசலாத்தானே பண்ணேன் மேடம்..."

சுகிர்தா பூனையைத் திரும்பவும் சுவரில் மாட்டினாள்.

"உங்க தாத்தா பூனைக்கே தும்பிக்கை வச்சிருக்காரு அண்ணாச்சி. நீங்க யானைக்கு வைக்க மறந்துட்டீக."