வெறும் தண்ணீரில் ஒரு கோடு

“நில்லுங்க! காலைக் கீழே வைக்காதீங்க!”

ஒற்றைக் காலில் கொக்கு மாதிரி நின்றாள் அவள். பரிசோதனைக்குச் செடி மாதிரி எடுக்க வழக்கமாக வருபவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். அதனால்தான் ஆய்வுக்கூடத்தை விட்டு நகராத அவள் இன்று இந்தத் தக்காளித் தோட்டத்துக்கு வந்திருந்தாள். வந்ததும் வராததுமாக இந்த அதட்டல்...

“பாம்பா?”

“பாம்புன்னா பரவாயில்லைங்க. உங்க ஷூ.”

வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு. அதற்கப்பால் தோட்டத்துக்காரன். வெயிலில் இடுங்கிய கண்கள்... அந்த இடுக்கிலும் ஒரு குறும்பு.

“எந்தெந்த மண்ணை மிதிச்சுட்டு வர்றீங்களோ. வாடல் பூஞ்சை மண்ணுல வருஷக்கணக்கா தூங்கும், தெரியும்ல?”

அவளுக்கா தெரியாது! நாள் முழுக்க அந்தப் பூஞ்சையோடு குடித்தனம் நடத்துகிறவள். “நான் லேப்ல வேலை பார்க்கறவ. என் ஷூவுக்கு மண்ணுன்னா என்னன்னே தெரியாது.”

“அப்ப முதல்ல குளிக்கச் சொல்லுங்க. அப்புறம் மண்ணை அறிமுகப்படுத்தறேன்.”

சிரிப்பை உதட்டுக்குள் மடித்துக்கொண்டு காலை நனைத்தாள்.

உள்ளே நாற்பது தாய்ச்செடிகள். ஏழு வருடம் பொறுக்கிப் பொறுக்கி அவன் உருவாக்கிய புது ரகம். இவற்றில் பழுக்கப்போவதுதான் அதன் முதல் விதை. ஆனால் ஆறு செடிகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பூஞ்சை என்றால் நாற்பதையும் பிடுங்கி எரிக்க வேண்டியதுதான்.

அவள் தண்டின் அடியில் மெல்லிய துணுக்குகளைச் சீவினாள். அவன் பக்கத்தில் குந்தினான்.

“இதுல பூஞ்சை இருக்குன்னு பார்த்தாலே தெரியுமா?”

“தெரியாது. அந்தக் குடும்பத்துல நல்லவனும் கெட்டவனும் ஒரே ஜாடை. கெட்டவனோட மரபணுவுல மட்டும் ஒரு வரி இருக்கும். அந்த வரியோட ரெண்டு முனையிலயும் போய் ஒட்டுற மாதிரி ரெண்டு சின்ன மரபணுத் துண்டு போடுவோம். சூடாக்கி ஆறவெச்சா அந்த வரி ரெண்டாகும். மறுபடி சூடாக்கினா நாலு... எட்டு... இப்படி முப்பத்தஞ்சு தடவை!”

“அடேங்கப்பா... கோடிக்கணக்குல ஆயிடுமே! வரியே இல்லைன்னா?”

“சைபரை எத்தனை தடவை பெருக்கினாலும் சைபர்தான்.”

அவன் கண்கள் விரிந்தன. விளக்கத்தில் இந்த இடத்துக்கு வருவதற்குள் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இவன் அடுத்த கேள்வி கேட்டான்... அதற்கடுத்ததும். அவள் சீவுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

“ரிசல்ட் வர மூணு வாரம் ஆகுமா? உங்க ஆபீஸ் வேகம் உலகத்துக்கே தெரியும்.”

சுருக்கென்றது. “நாளைக்குச் சாயங்காலமே சொல்றேன். பாருங்க!”

சொன்னபடி செய்தாள். பெருக்கிய திரவத்தை ஜெல் என்கிற ஒரு கூழ்ப்பலகையின் குழிகளில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், வரி இருக்கும் குழிக்கு நேரே ஒரு கோடு ஒளிரும். குழிகள் எட்டு. ஆறு செடி, வரியின் நீளத்தை அளக்கும் அளவுகோலுக்கு ஒன்று, ஒப்பிட்டுப் பார்க்க அசல் பூஞ்சைக்கு ஒன்று. சரிபார்க்க வழக்கமாக வைக்கும் வெறும் தண்ணீருக்கு இடமில்லை. ஒரு தடவைதானே என்று விட்டுவிட்டாள்.

ஆறு செடிகளும் ஒளிர்ந்தன.

தொலைபேசியில் அவனிடம் சொன்னாள். “சரிங்க... காலையில பிடுங்க ஆரம்பிக்கறேன்.”

மறுநாள் காலை, ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூத்தவளான அக்கா கூழ்ப்பலகையின் படத்தைப் பார்த்துப் புருவம் சுளித்தாள்.

“என்னடி, ஆறும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே பிரகாசம்? தண்ணிக் குழி எங்கே?”

“இடம் பத்தலைக்கா...”

“இடமா, பொறுமையா?”

வெறும் தண்ணீரில் செடியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. அது இருட்டாக இருந்தால்தான் மற்ற கோடுகளை நம்பலாம். எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினாள். மூன்று மணி நேரம். தண்ணீர்... பளிச்சென்று ஒளிர்ந்தது. அசல் பூஞ்சையைத் தொட்ட கையுறையோடு அவசரத்தில், எல்லா மாதிரியிலும் கலக்கும் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தது நினைவுக்கு வந்தது.

“மறுபரிசோதனை தேவைன்னு ரெண்டு வரி அனுப்பு, போதும். யார் தப்புன்னு யாரும் கேட்கப்போறதில்ல” என்றாள் அக்கா.

அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. அவள் வண்டியைக் கிளப்பினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

பதினோரு செடிகள் வேரோடு கிடந்தன. பன்னிரண்டாவது செடியின் அடியில் மண்வெட்டி.

“நிறுத்துங்க! என் தப்பு... பூஞ்சை என் பாட்டில்ல இருந்துச்சு. உங்க செடியில இருக்கா இல்லையான்னே எனக்குத் தெரியாது!”

அவன் குனிந்தான். கிடந்த தண்டொன்றை நீளவாக்கில் பிளந்து காட்டினான். உள்ளே வெளிர்பச்சை. பூஞ்சை இழுக்கும் பழுப்புக் கோடே இல்லை.

“சொட்டுநீர்க் குழாய் உடைஞ்சு வேரெல்லாம் சேறு, அதான் வாடியிருக்கு. என் கவனக்குறைவு. பிடுங்கும்போதே மனசு அடிச்சுக்கிச்சு... ஆனா, நீங்க சொன்னீங்களேன்னு நம்பினேன்.”

மழை முகத்தில் அறைந்தது. அந்த வார்த்தை அதைவிட ஓங்கி அறைந்தது.

“இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமே...” என்றான்.

“நீங்க எடுத்திருந்தாலும் நேர்லதான் வந்திருப்பேன்.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு மண்வெட்டியைச் சாய்த்து வைத்தான். “வாங்க. இந்தத் தடவை நானும் கூட நிக்கறேன்.”

புதுத் தண்ணீர், புதுக் கையுறை, பெரிய பலகை. சாயங்காலம் இருட்டறையில் நீல விளக்கைப் போட்டாள். அசல் பூஞ்சை ஒளிர்ந்தது. செடிகள்... இருட்டு. தண்ணீரும் இருட்டு.

“இருபத்தொம்பது பிழைச்சுது” என்றான் மெதுவாக.

“பதினொண்ணு போச்சே. கோபம் இல்லையா?”

“நிறைய இருந்துச்சு. ஆனா, தப்பை மறைக்கத் தெரியாத ஆளு மேல எவ்வளவு நேரம்தாங்க கோபப்படறது?”

அவள் குனிந்துகொண்டாள். “இன்னொண்ணும் மறைக்க முடியல. உங்களை... எனக்குப் பிடிச்சிருக்கு.”

“நல்லா சரிபார்த்தீங்களா?”

“மழையில... வழி நெடுக.”

“நான் சரிபார்க்கவே இல்லைங்க. எனக்கும் பிடிச்சிருக்கு.”

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேறு போகாத அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.