கொய்யா மரத்தடியில் ஊற்றிய பால்

குட்டிகள் கத்தவில்லை.

இரண்டு நாளாக விறகுக் கொட்டிலிலிருந்து ஓயாமல் வந்த கீச்சுச் சத்தம், சோறு வடிக்கும்போதும் குழந்தைக்குத் துணி மாற்றும்போதும் காதைக் குடைந்து ஜெனிஸ்டாவின் உயிரை வாங்கிய அந்தச் சத்தம், புதன்கிழமை மத்தியானம் சட்டென்று நின்றுபோயிருந்தது. கூரைத் தகரத்தில் பனி திரண்டு சொட்டுவதும், ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்கி வரும் காற்று கதவிடுக்கில் முனகுவதும் மட்டும் கேட்டன. செத்துத் தொலைந்துவிட்டனவா? அப்படி நினைத்ததற்காகத் தன் வாயில் தானே போட்டுக்கொண்டாள்.

செத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. திங்கட்கிழமையிலிருந்து வீட்டு நாய் றோசி தன் ஐந்து குட்டிகளையும் கிட்டே விடவில்லை. வாய் வைத்தால் உறுமிக்கொண்டு எழுந்து போனது. சாப்பாட்டை முகர்ந்தும் பார்க்கவில்லை. தடவிப் பார்த்தபோது பின்பக்கத்து இரண்டு முலைகளும் இறுகிக் கருஞ்சிவப்பாகி, ரொட்டிக் கல்லைப் போலக் கொதித்தன. மெல்ல அழுத்தியதும் மஞ்சளாய், திரிதிரியாய், இரத்த இழை ஓடிய பால் வந்தது. ஜெனிஸ்டாவுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அவளே இரண்டு மாதக் கைக்குழந்தைக்காரி. போன மாதம்தான் பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தாள்.

மிருக வைத்தியர் போனில் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். இளஞ்சூட்டில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தாள், கெட்ட பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்து எடுத்தாள், தாயின் முலையைக் கீறாமலிருக்கக் குட்டிகளின் நகங்களை வெட்டினாள். பெனடோல் காய்ச்சல் மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதே, நாய்க்கு அது நஞ்சு என்று அவர் இரண்டு தரம் சொல்லியிருந்தார். மருந்துக் குளிசையைப் புருஷன் றெக்சன் ரத்தோட்டையிலிருந்து வாங்கி வந்தான். குட்டிகளுக்குப் பால்மா கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் ஊட்டினாள். பாதியைத் துப்பிவிட்டுப் பசியில் கத்தின. இந்த வீட்டில் பெற்றது ரெண்டு பேர், பார்ப்பது நான் ஒருத்தி என்று றெக்சனிடம் காலையில்கூடக் கத்தியிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது சாக்குப் படுதாவை விலக்கிக் கொட்டிலுக்குள் குனிந்தாள்.

ஈர விறகின் வாடையோடு வேறொரு வாடையும் முகத்தில் அடித்தது. நாள்பட்ட பால், அதோடு மழையில் புதிதாய் வெட்டிய மண். பெட்டிக்குள் ஐந்தும் மல்லாந்து தூங்கின. இன்னும் கண் திறக்காத முகங்கள். வயிறுகள் மட்டும் தோல் பளபளக்கும் அளவுக்கு உப்பியிருந்தன, வாயோரங்களில் பால் நுரை காயாமல் இருந்தது.

"அப்பாடா! மனசு மாறிட்டியா றோசி?" என்று திரும்பினாள்.

றோசி கொட்டிலில் இல்லை. முற்றத்துக் கோடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், நனைந்து நடுங்கிக்கொண்டு நின்றது. கூப்பிட்டும் வரவில்லை. ஜெனிஸ்டாதான் போய்க் கை வைத்துப் பார்த்தாள். கெட்டுப்போன இரண்டும் அதே கொதிப்பில் இருந்தன. மற்ற முலைகளிலும் யாரும் வாய் வைக்காமல் பால் நிறைந்து தெறித்தது. நாயின் கண்கள் அவளைப் பார்க்கவேயில்லை, கொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தன.

அப்படியென்றால் யார் கொடுத்தது?

ஊரில் வேறு குட்டி போட்ட நாயா? அடுத்த லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் நாயா? மூளை எதையாவது பிடித்துக்கொள்ளத் தவித்தது. பனிமூட்டம் தேயிலைச் செடிகளை ஒவ்வொரு நிரையாக மறைத்துக்கொண்டு வேலியருகே வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து பக்கத்து வீட்டு வேலம்மா கொழுந்துக் கூடையோடு வெளிப்பட்டபோது ஜெனிஸ்டா கிட்டத்தட்டக் கத்திவிட்டாள்.

"என்ன தங்கச்சி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

எல்லாவற்றையும் சொன்னாள். வேலம்மா முதலில் சிரித்தாள். பிறகு குட்டிகளின் வயிறு உப்பியிருப்பதைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்தினாள்.

"பிழிஞ்ச பால எங்க ஊத்துன?"

"நீங்க காட்டுன எடத்துலதான் அக்கா. கொய்யா மரத்தடியில."

லயத்துப் பெண்களின் வழக்கம் அது. பால் மிஞ்சினால் பீய்ச்சியதைச் சாக்கடைக் கானில் கொட்டக் கூடாது, கால்படும் இடத்திலும் கூடாது. லயத்துக்குப் பின்னாலுள்ள கொய்யா மரத்தடியில்தான் ஊற்றவேண்டும். மாத்தளை டவுனில் பிறந்து வளர்ந்த ஜெனிஸ்டாவுக்கு அதைப் போன மாதம் சொல்லிக்கொடுத்ததே வேலம்மாதான்.

"அடிப்பாவி! நாயோட கெட்ட பாலையா?"

"பாலுதானே அக்கா! மிதிபடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

"ஏன்னு கேட்டியா?"

"நீங்க சொன்னீங்களா?"

வேலம்மா கூடையை இறக்கி வைத்தாள். குரல் தணிந்தது. "அங்க ஒருத்தி கெடக்குறா. புள்ளயப் பெத்துட்டு ஒரு வாய்கூடக் குடுக்காம போனவ. மாரு நெறஞ்சபடியே பொதைச்சாங்களாம். எங்க புள்ளைங்க நல்லாக் குடிக்குது, இது மிச்சம், நீ வரத் தேவையில்லன்னு அவளுக்குக் காட்டத்தான் நாங்க நல்ல பால ஊத்துறோம்."

"அப்ப நான் ஊத்துனது?"

"இங்க புள்ளைங்க பசியில கெடக்கு, தாய்ப்பால் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருக்க. மூணு நாளா சொல்லியிருக்க."

"சும்மா இருங்கக்கா. பயமா இருக்கு."

"பாப்பா எங்க?"

"உள்ளுக்குத் தொட்டில்ல. தூங்குது."

"பால் குடிச்சிச்சா?"

ஜெனிஸ்டா வாயைத் திறந்தாள். விடியக் குடித்தது. பிறகு இரண்டு தரம் கொடுத்துப் பார்த்தாள்; மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. வயிறு சரியில்லையாக்கும் என்று விட்டுவிட்டாள். இப்போதுதான் தன் மார்பு கனத்து வலிப்பதும், சட்டையின் முன்பக்கம் நனைந்து ஒட்டியிருப்பதும் உறைத்தது.

கொட்டிலுக்குள் மறுபடி எட்டிப் பார்த்தாள். பெட்டி காலி.

ஓடினாள். வேலம்மா வாசல்வரை வந்தாள், படி ஏறவில்லை. "தேவமாதாவக் கூப்பிடு தங்கச்சி, கூப்பிடு!" என்று வெளியிலிருந்தே அழுதாள். ஜெனிஸ்டா அடுப்படி தாண்டினாள். உள்ளறையில் லைட் எரியவில்லை. ஜன்னலில் பனி வெள்ளையாய் அப்பியிருந்தது. அதே வாடை. பால். மண்.

தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே குழந்தை இல்லை.

"என் தங்கம்... என் கண்ணு..."

ஒரு சத்தம் கேட்டது. மடக், மடக். சின்னத் தொண்டைகள் விழுங்கும் சத்தம். சுவரோரம். கீழே.

பாயில் ஆறு பேரும் வரிசையாகக் கிடந்தார்கள். ஐந்து குட்டிகள். நடுவில் அவள் மகள். எல்லாரும் ஒரே பக்கம் திரும்பி, தலையை ஒரு சாண் தூக்கி, வெறுங்காற்றில் வாய் வைத்திருந்தார்கள். தாடைகள் அசைந்தன. குழந்தையின் ஒரு கன்னம் எதன்மேலோ அழுந்தித் தட்டையாகியிருந்தது.

அங்கே ஒன்றுமில்லை. பாய். சுவர். அவ்வளவுதான்.

விழுந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்தாள். சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது. இழுத்தாள்.

வரவில்லை.

பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். மறுபக்கமிருந்து ஒரு பிடி, முரட்டுத்தனமில்லாத பிடி, தூங்கும் பிள்ளையைத் தாய் இன்னும் நெருக்கி அணைத்துக்கொள்வதைப் போலக் குழந்தையைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டது.

குழந்தையின் முதுகில் சட்டைத் துணி உள்ளங்கை அளவுக்குக் குழிந்தது. எழுந்தது. மறுபடி குழிந்தது. மெதுவாக. யாரோ தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.